பவுண்டு இருந்த ஊரில் மருத்துவக் கொட்டகை வேண்டும்

பெண்ணாடத்தின் பழைய பெயர் பெண்ணாகடம். தேவகன்னியரும், ஆவாகிய காமதேனுவும், கடமாகிய வெள்ளை யானையும் வழிபட்ட தலம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பது ஐதீகம். இங்குள்ள பிரளயகாலேஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்தபடி இல்லை. வாயிலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஊழி வெள்ளத்தை உறிஞ்சி ஊரைக் காப்பாற்றிய நந்தி அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயரிலும் மாடு, ஊர்க் கதையிலும் மாடு. மாட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த வட்டாரத்தில், காயம்பட்ட மாட்டுக்கு நான்கு நாள் தங்கி வைத்தியம் செய்துகொள்ள ஓர் இடம் உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. பெண்ணாடத்துக்கு மட்டும் உரிய குறையல்ல இது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களின் நிலை இதுதான்.

கழுத்தில் நுகத்தடிப் புண்ணோடு பாரம் இழுக்கும் எருதை எல்லா ஊரிலும் காணலாம். கறவை நின்றபின் அவிழ்த்து விடப்பட்டு, கடைத்தெருவில் காகிதமும் பிளாஸ்டிக் பையும் தின்று வயிறு உப்பி நிற்கும் பசுவையும் காணலாம். மூக்கணாங்கயிறு அறுத்துச் சீழ் வைத்த மூக்கு, லாடம் கழன்று தேய்ந்த குளம்பு, லாரி மோதி ஓரத்தில் கிடக்கும் ஆடு, நாய் ஆகியவையும் அன்றாடக் காட்சிகளே. பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்கிறார்கள். அதற்குமேல் என்ன செய்வது என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் மாட்டை எங்கே கொண்டுபோவது என்பது தெரிவதில்லை.

கொடுமையா, தாமதமா?

வாயில்லா ஜீவன்கள் படும் துன்பத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

முதலாவது, வேண்டுமென்றே செய்யும் கொடுமை. ஆணி அடித்த தார்க்குச்சியால் குத்துவது, பயிரில் மேய்ந்த மாட்டை வெட்டுவது, நாய்க்கு விஷம் வைப்பது போன்றவை இதில் சேரும். இவை குற்றங்கள். இவற்றில் தயவு தாட்சண்யம் தேவையில்லை.

இரண்டாவது, கைவிடுதல். பால் வற்றிய பசுவையும், உழைத்து ஓய்ந்த எருதையும், காளைக் கன்றையும் ரோட்டில் விட்டுவிடுவது. டிராக்டர் வந்தபின் காளைக் கன்றுக்கு வேலை இல்லாமல் போனதும் இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, தாமதம். கிராமங்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். வண்டி மாடு வைத்திருப்பவருக்கு அன்றாடக் கூலி அந்த மாட்டினால் வருகிறது. கழுத்தில் லேசாகத் தோல் உரிந்த அன்று வண்டியை நிறுத்தினால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் ஒரு வாரம் வண்டி நின்றால் அடுப்பு எரியாது. எனவே கோணியை மடித்து நுகத்தடிக்கு அடியில் வைத்து ஓட்டுகிறார். புண் ஆழமாகிறது, ஈ மொய்க்கிறது, புழு வைக்கிறது. அப்போது பார்க்கிற நமக்கு அவர் கொடுமைக்காரராகத் தெரிகிறார். அவரை அடித்துத் திட்டினாலும் புண் ஆறப்போவதில்லை. அடுத்த முறை அவர் புண்ணைத் துணி போட்டு மறைத்துக்கொண்டு வேறு வழியாக ஓட்டிப்போவார். அவ்வளவுதான் பலன்.

நடக்க முடியாத மாட்டை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போக முடியாது. டெம்போ பிடித்தால் வாடகை, கூட வரும் ஆளுக்குக் கூலி, தனக்கு ஒருநாள் வேலை நஷ்டம் என்று கணக்குப் போட்டு, "இரண்டு நாள் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவது வழக்கம். அந்த இரண்டு நாளில்தான் பல கால்நடைகள் போய்விடுகின்றன. எருதுகளுக்கு வரும் கொம்புப் புற்றுநோய் இதற்கு நல்ல உதாரணம். மாடு அடிக்கடி தலையை உதறும். கொம்பு ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்க மூக்கில் ரத்தம் கசியும். இந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்து கொம்பை எடுத்துவிட்டால் பல மாடுகளைக் காப்பாற்றலாம். கொம்பு கழன்று சதை பூத்தபின் கொண்டுவந்தால் டாக்டர் கையை விரிக்க வேண்டியதுதான்.

ஆகவே தாமதத்தைக் குறைப்பதே முதல் வேலை. அதற்கு அறிவுரை மட்டும் போதாது. ஊருக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும்.

அடைக்க இடம் இருந்தது

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து அடைக்கப் பல ஊர்களில் பவுண்டு ஏற்பட்டது. சில இடங்களில் இதைப் பட்டி என்றும் சொல்வார்கள். சுற்றுச்சுவர், ஒரு கதவு, தண்ணீர்த் தொட்டி, பொறுப்பாக ஓர் ஆள் எல்லாம் இருந்தன. அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டியது பவுண்டுக்காரரின் கடமை. மாட்டுக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மாட்டை மீட்டுக்கொள்வார். இன்று பல ஊர்களில் பவுண்டு இடிந்து கிடக்கிறது. சில ஊர்களில் இருந்த இடமே தெரியவில்லை.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பயிருக்குக் கெடுதல் செய்த மாட்டை அடைக்க ஊர் ஓர் இடம் ஒதுக்கியது, ஆளும் போட்டது. மனிதனால் கெடுதல் அடைந்த மாட்டை வைத்துக் காப்பாற்ற ஊர் எதையும் ஒதுக்கவில்லை. அந்தக் கணக்கை நேர் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது. பழைய பவுண்டு நிலம் எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு சிறிய கால்நடை மருத்துவக் கொட்டகை அமைய வேண்டும். இல்லாத ஊர்களில் ஏரிக்கரையிலோ மந்தைவெளியிலோ ஐந்து சென்ட் இடம் ஒதுக்கினால் போதும்.

ஊர்தி வருகிறது, போதுமா?

கால்நடை ஆம்புலன்ஸ்தான் வந்துவிட்டதே, கொட்டகை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1962 என்ற கட்டணமில்லாத எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது மத்திய அரசுத் திட்டத்தின் அளவுகோல். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 245 ஊர்திகள் ஒதுக்கப்பட்டு, 2024-ல் அவை ஓடத் தொடங்கின. டாக்டரும் உதவியாளரும் மருந்தும் ஊர் தேடி வருவது சிறு விவசாயிக்குப் பெரிய உதவி. இதை எல்லாரும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்பதை மறக்கக் கூடாது. ஊர்தி ஒரு மாட்டுக்காக ஒரே இடத்தில் நாள் முழுவதும் நிற்க முடியாது. வந்தவுடன் மாட்டைப் பிடித்துக் கட்ட ஆள் இல்லை, வயலுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள், மாட்டுக்காரர் ஊரில் இல்லை என்றால் டாக்டரின் அரை நாள் வீணாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் ஊசி போட்டுக் கட்டுக் கட்டிவிட்டுப் போனபின் அடுத்த ஐந்து நாளும் புண்ணைக் கழுவி மருந்து போட யாராவது வேண்டும். சொந்தக்காரர் இருக்கிற மாட்டுக்கே இது சிரமம். தெருவில் திரிகிற மாட்டுக்கு யார் செய்வார்கள்? ஊர்தி டாக்டரைக் கொண்டுவரும். ஐந்து நாளைக் கொண்டுவராது. அந்த ஐந்து நாளுக்குத்தான் கொட்டகை.

சட்டம் என்ன சொல்கிறது?

கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் ராஜ்ய சபையில் பிராணிகள் வதைத் தடுப்புக்காகத் தனி நபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி அளித்ததன்பேரில் அதை விலக்கிக்கொண்டார். அதன் பலனாக வந்ததுதான் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அலுவலகம் சென்னையில் அமைந்தது. வாரியம் ஏற்பட்ட ஆண்டும் இன்றைய ஆம்புலன்ஸ் எண்ணும் ஒன்றாக அமைந்திருப்பதால் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

அந்தச் சட்டத்தில் அடிப்பதும் குத்துவதும் மட்டும் குற்றம் அல்ல. நோய், புண், முதுமை காரணமாக வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவது குற்றம். போதிய தீனி, தண்ணீர், தங்குமிடம் தராமல் வைத்திருப்பது குற்றம். தக்க காரணமின்றிப் பசியால் வாடும்படி கைவிடுவதும் குற்றம். வண்டி மாடுகளுக்கென 1965-ல் தனி விதிகள் வந்தன. மாட்டின் எடைக்கும் வண்டிச் சக்கரத்தின் வகைக்கும் ஏற்பப் பார அளவு உண்டு. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. கத்திரி வெயிலில் பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பகுதியில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் இந்தக் கடைசி விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் 35-வது பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கொடுமைக்கு ஆளான பிராணிகளுக்குச் சிகிச்சை தரும் நிலையங்களை மாநில அரசு ஏற்படுத்தலாம் என்றும், மாஜிஸ்திரேட் அந்தப் பிராணியை அங்கே அனுப்பிக் குணமாகும் வரை வைத்திருக்க உத்தரவிடலாம் என்றும் அது சொல்கிறது. செலவை மாட்டுக்காரர் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் ஏழை என்று மாஜிஸ்திரேட் கருதி உத்தரவிட்டால் வைத்தியச் செலவை அவரிடம் வாங்கக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் ஏழை விவசாயியை மறக்கவில்லை. மாவட்டம்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும், அதற்குச் சிகிச்சை நிலையமும் காப்பிடமும் வேண்டும் என்று 2001-ல் வந்த விதிகளும் கூறுகின்றன. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. விருத்தாசலம் ரோட்டில் கால் ஒடிந்து கிடக்கும் மாட்டுக்கு எழுத்து மட்டும் போதாது.

ஏழையின் மாட்டுக்கு இலவச வைத்தியம்

இந்தச் சிந்தனை புதிதல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல், லண்டனின் ஏழைகள் வாழும் பகுதியில் மரியா டிக்கின் என்ற அம்மையார், காசு இல்லாதவர்களின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். கழுதை வண்டிக்காரர்களும் கூலிக்காரர்களும் தங்கள் பிராணிகளைக் கொண்டுவந்தார்கள். அதுவரை அவர்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று பேசியவர்கள், வைத்தியம் கிடைத்தால் ஏழையும் தன் பிராணியைக் காப்பாற்றவே விரும்புகிறான் என்பதைக் கண்கூடாகக் கண்டார்கள். 1934-ல் எகிப்தின் கெய்ரோ நகரில் டோரதி புரூக் என்பவர், போரில் உழைத்து ஓய்ந்தபின் விற்கப்பட்டுக் கல்லும் மண்ணும் இழுத்துக்கொண்டிருந்த ராணுவக் குதிரைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். அது நாளடைவில் ஏழைகளின் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் வைத்தியம் செய்யும் ஸ்தாபனமாக வளர்ந்து, இந்தியாவிலும் வேலை செய்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் முன்னின்று தொடங்கிய புளூ கிராஸ், 1964 முதல் அடிபட்ட தெருப் பிராணிகளுக்கு வைத்தியம் செய்துவருகிறது. பெங்களூரில் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ்.ராமசுவாமி, மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் சீர்திருத்த வேண்டும் என்று ஆயுள் முழுவதும் எடுத்துச் சொன்னார். புண்ணுக்கு மருந்து போடுவதைவிடப் புண் உண்டாக்காத நுகத்தடி செய்வது மேல் என்பது அவர் வாதம். முன்பாரம் அதிகமானால் கழுத்து நசுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்தில் உராயும். பாரத்தைச் சமமாக ஏற்றி, நுகத்தடியின் அடிப்பக்கத்தை அகலமாகவும் வழவழப்பாகவும் இழைத்து வைத்தாலே பாதிப் புண்கள் வராது. இதற்குச் செலவு ஏதும் இல்லை. தச்சர் அரை நாள் செய்யும் வேலைதான்.

நகரங்களில் இத்தகைய ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஆனால் நாட்டின் கால்நடைகளில் பெரும்பகுதி கிராமங்களில் இருக்கிறது. கிராமத்துக்கு ஒரு புளூ கிராஸ் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஊரே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

ஆடம்பரக் கட்டடம் எதுவும் வேண்டாம். 20 அடிக்கு 15 அடியில் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ போட்ட கொட்டகை, நான்கு மாடும் சில ஆடுகளும் தங்கப் போதும். தரைக்கு சிமெண்ட் வேண்டாம். அடிபட்ட மாடு வழுக்கி விழும். மண்ணைக் கெட்டித்து மேலே ஆற்று மணலோ வைக்கோலோ பரப்பினால் படுத்த மாட்டுக்குப் புண் வராது. மாட்டை அசையாமல் நிறுத்தி ஊசி போட இரண்டு பக்கமும் கட்டை வைத்த உறுதியான மரச் சட்டம் ஒன்று அவசியம். தண்ணீர்த் தொட்டி, ஒரு மின் விளக்கு, பூட்டுப் போட்ட மருந்துப் பெட்டி ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். டாக்டரின் போன் எண்ணையும் 1962 என்ற எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். எந்தத் தேதியில் எந்த மாடு வந்தது, யார் கொண்டுவந்தார், என்ன காயம், டாக்டர் என்ன மருந்து கொடுத்தார், எப்போது போனது என்பதை எழுத வேண்டும். ஒரே வீட்டு மாடு மூன்று முறை தார்க்குச்சிக் காயத்தோடு வந்தால் அந்த நோட்டே சாட்சி சொல்லும்.

நிர்வாகத்துக்கு ஐந்து பேர் போதும். பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், ஆடு வளர்க்கும் பெண் ஒருவர், வார்டு உறுப்பினர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று அமைத்துக்கொள்ளலாம். வண்டிக்காரரைச் சேர்ப்பது மிக முக்கியம். அவர் குழுவில் இருந்தால் மற்ற வண்டிக்காரர்கள் பயமில்லாமல் மாட்டைக் கொண்டுவருவார்கள். தீனிக்கு அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோலோ சோளத்தட்டையோ வசூல் செய்தால் ஆண்டு முழுவதும் வரும்.

ஓர் எச்சரிக்கை. காயம், நொண்டல், மெலிவு ஆகியவற்றுக்குத்தான் இந்தக் கொட்டகை. கோமாரி, தோல் கழலை போன்ற தொத்து நோய் கண்ட மாட்டை ஒருபோதும் இங்கே கொண்டுவரக் கூடாது. இருக்கும் இடத்திலேயே பிரித்துக் கட்டி டாக்டரை அங்கே வரவழைக்க வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அதை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

டாக்டர் வரும் வரை

அடிபட்ட மாட்டைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. அகலமான பலகையிலோ தார்ப்பாயிலோ நகர்த்தி நான்கு பேர் தூக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். எழ முடியாத மாட்டைச் சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். தலை தொங்கிக் கிடக்கும் மாட்டின் வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தானாகக் குடித்தால் மட்டும் கொடுக்கலாம்.

புழு வைத்த புண்ணில் பூச்சிமருந்துத் தூளைக் கொட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அது உடலுக்குள் ஏறி மாட்டையே கொன்றுவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுவழி மருத்துவத்தில் சொல்லும் முறை எளிது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைக்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து இதைத் தடவலாம். புழு இருந்தால் முதல் நாள் சீதா இலையை அரைத்து வைக்க வேண்டும். ஆழமான புண்ணுக்கும் எலும்பு முறிவுக்கும் இது போதாது; டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் வலி மாத்திரையோ ஊசியோ வாங்கி மாட்டுக்குப் போடக் கூடாது. டைக்ளோஃபெனாக் மருந்து கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் நாடு முழுவதும் அழிந்ததால், கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவது 2006-லேயே தடை செய்யப்பட்டது.

நாய் கடித்த மாடோ ஆடோ எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தினால் வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாயில் கைவிட்டுப் பார்க்கக் கூடாது. எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு மாடு

அடுத்தவர் மாட்டில் தலையிட்டால் சண்டை வரும் என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உன் மாட்டைப் போலீசில் பிடித்துக் கொடுப்பேன்" என்று தொடங்கினால் சண்டைதான் வரும். "அண்ணே, கழுத்துப் புண் ஆழமாப் போகுது. நாளைக்கு வண்டி ஊர் பக்கம் வருது, நான் போன் போடறேன், மாட்டை மட்டும் கட்டி வையுங்க" என்றால் மறுப்பவர் அபூர்வம். நாலு நாள் வண்டி ஓட்டாமல் நிறுத்த வேண்டிவந்தால், பக்கத்து வண்டிக்காரர்கள் ஒரு நடை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். நடவுக்கும் அறுவடைக்கும் மாற்றாள் போவது நமக்குத் தெரியாததா? மாட்டுக்கும் மாற்று மாடு கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்ததுதான்.

கொட்டகை வந்தால் ஊரில் உள்ள கிழட்டு மாட்டையெல்லாம் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்ற ஆட்சேபம் வரும். இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் நோட்டும் குழுவும் கட்டாயம் வேண்டும். குணமான மாட்டைப் பத்து நாளில் சொந்தக்காரர் ஓட்டிப் போக வேண்டும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்க வேண்டும். வராவிட்டால் தீனிச் செலவு அவர் கணக்கில் ஏறும். பவுண்டில் இருந்த முறைதான் இது.

மனிதனுக்கே ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாதபோது மாட்டுக்குக் கொட்டகையா என்றும் கேட்பார்கள். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு ஒரு கறவை மாடு செத்தால், வங்கிக் கடன் நிற்கும், பால் பணம் நிற்கும், பிள்ளையின் பள்ளிச் செலவு நிற்கும். மாட்டைக் காப்பாற்றுவது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுவதே. அது மட்டும் காரணமல்ல. பால் தராத, பாரம் இழுக்காத, யாருக்கும் சொந்தமில்லாத ஜீவனுக்கும் வலி ஒன்றுதான். லாபம் பார்த்து வைத்தியம் செய்கிற ஊர், நாளைக்கு வீட்டுக் கிழவனையும் கிழவியையும் அதே கணக்கில்தான் பார்க்கும்.

சொல்லியும் கேட்காமல், மருந்து கொடுத்தும் ஆறவிடாமல், மறுபடி மறுபடி வதைப்பவரைச் சட்டத்திடம் விட்டுவிட வேண்டியதுதான். 1960-ம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. பிராணியைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனப்படுத்துவது ஆகியவற்றுக்கு 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெண்ணாடம் பேரூராட்சி; அதன் மன்றத்தில் வார்டு உறுப்பினர் மூலம் இதைக் கேட்கலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் அது கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நான்கு விவசாயிகள் சேர்ந்து மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தால் போதும். நம் ஊர் பவுண்டு நிலத்தின் சர்வே எண் என்ன? இப்போது அது யார் வசம் இருக்கிறது? அங்கே கால்நடை மருத்துவக் கொட்டகை அமைக்கத் தீர்மானம் போடலாமா? தீர்மானத்தின் நகல் கால்நடை உதவி மருத்துவருக்கும் கலெக்டருக்கும் போகட்டும். பதில் வருவதற்குள், மந்தைவெளிப் புளியமரத்தடியில் ஒரு மரச் சட்டத்தை நட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துவிடலாம். அதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.